மனு கொடுக்கவும் படிப்பு வேண்டும்



தராசுக்கு முத்திரை வேண்டும். எண்ணெய் டின்னுக்கு லேபிள் வேண்டும். மிளகாய்த்தூள் பாக்கெட்டில் தேதி வேண்டும். கடைக்குப் பதிவு வேண்டும். நாம் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு தரம், ஒரு விதி, ஒரு பரிசோதனை என்று அரசு வைத்திருக்கிறது. சரி. ஆனால் இந்த விதிகளை இயற்றுகிற அரசிடம் நம் சார்பில் போய்ப் பேசுகிறாரே ஒருவர், அவருக்கு என்ன தரம்? அவர் பேசப்போகிற சட்டத்தைப் படித்திருக்கிறாரா? அவரிடம் நாம் கொடுத்த பணத்துக்குக் கணக்கு உண்டா? இந்தக் கேள்விகளைச் சங்கக் கூட்டங்களில் கேட்பவர் மிகச் சிலரே.

"அங்கே நமக்கு ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் பல ஊர்களில் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த 'ஆள்' யார், எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது யாருக்கும் தெரியாது. அரசிடம் பேசுவதும் ஒரு தொழில். அதற்குப் படிப்பும் வேண்டும், ஒழுக்க விதியும் வேண்டும். அவை இல்லாமல் போனால் முதலில் நஷ்டப்படப்போவது எதிராளி அல்ல, நாமேதான். இதை விளக்கவே இக்கட்டுரை.

லாபி என்பது கெட்ட வார்த்தையா?

பத்திரிகைகள் 'லாபி' என்று எழுதும்போது ஏதோ திரைமறைவு பேரம் என்ற எண்ணமே நமக்கு வருகிறது. ஆனால் சட்டம் இயற்றுபவரிடமும் அதிகாரியிடமும் போய், "இந்த விதியால் எங்களுக்கு இன்ன பாதிப்பு, இதை இப்படி மாற்றுங்கள்" என்று சொல்வது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை. கோரிக்கை மனு, தூதுக்குழு, தீர்மானம் என்று வெவ்வேறு பெயரில் நம் சங்கங்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுதான். மதுரையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924-ல் தோன்றியது. வெள்ளையர் காலத்தில், 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் வர்த்தகத்துக்கும் தொழிலுக்கும் தனி இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

குடியரசான பின் அந்தத் தனி இடங்கள் போயின. அது நியாயமே. எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்றான பிறகு செட்டியாருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று என்று கேட்க முடியாது. ஆனால் சபைக்குள் உட்கார்ந்து பேச இடமில்லை என்றால், சபைக்கு வெளியே நின்று பேசுகிற பேச்சுக்கு இன்னும் கூர்மை வேண்டுமல்லவா? திருவள்ளுவர் 'தூது' என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். போய்ப் பேசுகிறவனுக்குத் தகுதி வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிய கருத்து அல்ல.

அமெரிக்காவில் எழுதியது, விருதுநகரில் தெரிந்தது

2012 செப்டம்பரில், பல பிராண்ட் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது. அனுமதிப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்தந்த மாநிலத்தின் கையில் விடப்பட்டது. தமிழக அரசு அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. அந்த நாட்களின் கடையடைப்பும் கூட்டங்களும் மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும்.

அவ்வாண்டு டிசம்பரில் ஒரு செய்தி நாடாளுமன்றத்தையே உலுக்கியது. வால்மார்ட் நிறுவனம் 2008 முதல் அமெரிக்காவில் லாபி வேலைக்காக ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 125 கோடி ரூபாய், செலவிட்டிருப்பதாகவும், அவ்வேலையின் பட்டியலில் இந்தியச் சந்தையில் முதலீட்டுக்கு வழி திறப்பதும் ஒன்று என்றும் தெரியவந்தது. அந்தத் தொகை பல விஷயங்களுக்குச் சேர்த்துச் செலவானது, இந்தியாவுக்கு மட்டும் அல்ல. லாபி செய்வது அந்நாட்டில் குற்றமும் அல்ல. அமளிக்குப் பிறகு மத்திய அரசு 2013 ஜனவரியில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் ஒரு நபர் விசாரணைக் குழு அமைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது? யாரும் உளவு பார்க்கவில்லை. அந்த நிறுவனமே தன் கையால் எழுதி அமெரிக்க செனட் சபையில் தாக்கல் செய்த அறிக்கையில் அது இருந்தது. அங்கே 1995-ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, லாபி செய்பவர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு செலவில் பேசினார் என்று எழுதித் தர வேண்டும். முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்ததை 2007-ல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இறுக்கினார்கள்.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. 2013-ல் மக்களவையில் காளிகேஷ் நாராயண் சிங் தேவ் என்ற உறுப்பினர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆகவே நம் மளிகைக் கடைக்கு எதிராகவோ ஆதரவாகவோ டில்லியில் யார் எவ்வளவு செலவில் பேசுகிறார்கள் என்பதை இந்தியக் காகிதம் எதிலும் நாம் படிக்க முடியாது. அமெரிக்கக் காகிதத்தில்தான் படிக்க முடிந்தது! கனடாவில் 1989 முதலே லாபிக்காரர் பதிவேடு உண்டு. 1997-ல் நடத்தை விதிகளும் வந்தன. ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஐரோப்பிய ஆணையமும் 2011-ல் பொதுப் பதிவேட்டையும் அதனோடு நடத்தை விதிகளையும் கொண்டுவந்தன.

தரகர் ஏமாற்றியது யாரை?

விதி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்க லாபிக்காரர்கள் 1979-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒழுக்க விதி எழுதினார்கள், சான்றிதழ் வகுப்பும் நடத்தினார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி நிலையம் உண்டு. இத்தனை இருந்தும் அதே ஊரில்தான் ஜாக் ஆப்ரமாஃப் என்ற பெரிய தரகர் வளர்ந்தார்.

அவர் கதை நம் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் சொல்லப்பட வேண்டிய கதை. அமெரிக்கப் பூர்வகுடிகள் சிலர் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி நடத்திப் பிழைத்தார்கள். தங்களுக்காக அரசிடம் பேச ஆப்ரமாஃபை அமர்த்தினார்கள். அவர், "மக்கள் தொடர்பு வேலைக்கு இன்ன கம்பெனிக்குப் பணம் கொடுங்கள்" என்று தன் கூட்டாளி மைக்கேல் ஸ்கான்லனின் கம்பெனியைக் காட்டினார். அங்கே போன பணத்தில் ரகசியமாகப் பங்கு வாங்கிக்கொண்டார். டெக்சாஸில் டிகுவா என்ற பூர்வகுடியினரின் விடுதியை மூடவைக்க ஒரு பக்கம் இவர்களே மறைமுகமாக வேலை செய்தார்கள். 2002-ல் விடுதி மூடப்பட்டதும் அதே டிகுவா மக்களிடம் போய், "திறந்து தருகிறோம்" என்று 42 லட்சம் டாலர் வாங்கினார்கள்! விடுதி திறக்கவில்லை. 2006 ஜனவரியில் ஆப்ரமாஃப் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2020-ல் வேறொரு விவகாரத்தில், லாபி வெளிப்படுத்தல் சட்டத்தை மீறியதற்காகவே மீண்டும் வழக்கில் சிக்கினார்.

அவர் அரசையும் ஏமாற்றினார், மக்களையும் ஏமாற்றினார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் அவர் ஏமாற்றியது தன்னிடம் நம்பி வந்தவர்களை. "ஆள் இருக்கிறார்" என்று நம்பிக் கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்காதவர்களை. பெருமக்களே, டிகுவா மக்களின் இடத்தில் ஒரு கமிஷன் மண்டியையோ கடைவீதிச் சங்கத்தையோ வைத்துப் பாருங்கள். அளவு மாறும், கதை மாறாது.

26 கிலோ மூட்டை சொல்லும் பாடம்

இனி நம் ஊருக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது புளிக்கும் பொட்டுக்கடலைக்கும் 12 சதவீதம், இட்லி தோசை மாவுக்கு 18 சதவீதம் என்று வரி வைத்தார்கள். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 9 அன்று ஹைதராபாத்தில் கூடிய மன்றம் புளிக்கும் பொட்டுக்கடலைக்கும் 5 சதவீதம், மாவுக்கு 12 சதவீதம் என்று குறைத்தது. நவம்பரில் குவாஹாட்டியில் கூடியபோது மாவும் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்தக் குறைப்புகள் எந்த வழியாக நடக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வரி விகிதம் பற்றிய கோரிக்கைகளை முதலில் சலிப்பது மத்திய, மாநில அதிகாரிகள் அடங்கிய ஃபிட்மென்ட் கமிட்டி. எந்தப் பொருள் எந்தக் குறியீட்டு எண்ணின் கீழ் வருகிறது, அதைப்போன்ற பொருளுக்கு என்ன வரி, குறைத்தால் வருமானம் எவ்வளவு போகும் என்று பார்த்துத்தான் அவர்கள் பரிந்துரை செய்வார்கள். பிறகே மன்றத்துக்குப் போகும். மன்றத்தில் வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அப்படியானால் நம் மனு முதலில் போக வேண்டிய இடங்களில் ஒன்று சென்னையில் உள்ள வணிக வரித்துறை. நிதியமைச்சர் வரும் விழாவில் சால்வை போட்டு, கூட்டத்தில் ஒரு கவரைக் கையில் திணிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அந்தக் கவர் எந்த மேஜைக்குப் போய்ச் சேரும்?

அடுத்து 2022-க்கு வாருங்கள். அதுவரை பதிவு செய்த பிராண்ட் பெயரில் விற்கும் அரிசி, பருப்பு, மாவுக்குத்தான் 5 சதவீத வரி என்பது பொதுவான ஏற்பாடு. அவ்வாண்டு ஜூலை 18 முதல் 'முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய' பொருள் எல்லாவற்றுக்கும் என்று மாற்றினார்கள். அந்தச் சொல்லுக்கு விளக்கம் ஜி.எஸ்.டி. சட்டத்தில் இல்லை, 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்திலும், அதன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளிலும் இருந்தது. அந்த விதிகள் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குப் பொருந்தாது. ஆகவே 25 கிலோ அரிசி மூட்டைக்கு வரி உண்டு, 26 கிலோ மூட்டைக்கு இல்லை என்றாயிற்று. சில நாட்களில் 26 கிலோ மூட்டைகள் மண்டிகளில் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய மன்றம் இந்த விளக்கத்தையே மறுபடி திருத்தச் சொல்லிப் பரிந்துரைத்தது.

வரிச் சண்டை என்று நாம் நினைத்தது உண்மையில் எடையளவு விதியில் உள்ள ஒரு சொல்லைப் பற்றிய சண்டை. அந்த விதியைப் படித்தவர் ஒருவர் தூதுக்குழுவில் இருந்தால் பேச்சின் பாதையே வேறு. படிக்காதவர் பத்துப் பேர் போனாலும், "வரியை எடுங்கள், வியாபாரி பாவம்" என்பதற்கு மேல் பேச முடியாது. பாவம் பார்த்து எந்த அதிகாரியும் சட்டத்தைத் திருத்த மாட்டார். எந்த வரியில் எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று சொன்னால்தான் அவர் பேனாவைத் திறப்பார்.

உணவுப் பாதுகாப்புச் சட்ட விஷயமும் அப்படியே. 2006-ல் இயற்றிய சட்டத்தின் லைசென்ஸ் விதிகள் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தன. பழைய வணிகர்கள் லைசென்ஸ் மாற்றிக்கொள்ளும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2016 ஆகஸ்ட் வரை ஓடியது. அவகாசம் கேட்பது எளிது. ஒரு வரி மனு போதும். விதியையே மாற்றக் கேட்பது கடினம். அதற்கு விதியைப் படித்திருக்க வேண்டும். ஐந்தாண்டு அவகாசத்தில் எத்தனை சங்கங்கள் அந்த விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தன என்று அவரவர் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

கதவு எப்போது திறக்கிறது?

அரசாணை வந்த பிறகு கறுப்புக்கொடி பிடிப்பது, தாலி கட்டி முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல. அதற்கு முன்பே கதவு திறக்கும் நேரம் உண்டு. 2014 பிப்ரவரியில் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி, மத்தியத் துறைகள் ஒரு சட்ட மசோதாவை அமைச்சரவைக்குக் கொண்டுபோவதற்கு முன் அதன் வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் புதிய விதிகளின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது பற்றிய விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் யாரிடமிருந்தும் மனு பெறுகின்றன. வணிகத்துறை நிலைக்குழு முரளி மனோகர் ஜோஷி தலைமையில் சில்லறை வணிக முதலீடு பற்றி விசாரித்து, 2009 ஜூனில் சிறு வணிகருக்குச் சாதகமாகவே அறிக்கை தந்தது. அந்த அறிக்கை பின்னர் எல்லா விவாதத்திலும் நமக்கு ஆயுதமாயிற்று.

பெரிய கம்பெனிகளில் இந்த 30 நாளை எண்ணுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் எண்ணுபவர் யார்?

புள்ளிவிவரத்திலும் இதே நிலை. 2008-ல் மத்திய அரசு கேட்டுக்கொண்டபடி டில்லியில் உள்ள இக்ரியர் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. பெரிய கடைகளின் போட்டியால் மூடப்படும் சிறு கடைகள் ஆண்டுக்கு 1.7 சதவீதம் மட்டுமே என்று அதில் கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணை மறுக்க வேண்டுமானால் இன்னோர் எண் வேண்டும். ஆவேசம் உதவாது. ஒரு கடைவீதியில் உள்ள நூறு கடைகளில் ஐந்தாண்டில் எத்தனை மூடின, ஏன் மூடின, எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்க சங்கத்துக்கு என்ன செலவாகும்? இன்று பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு கொண்டுவரும் கம்பெனிகள் வந்துவிட்டன. அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு அவர்கள் மீது இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயிருக்கிறது. வணிகச் சங்கங்களே அங்கு முறையிட 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அங்கே கோஷம் எடுபடாது. பில், விலைப்பட்டியல், தேதி, இவைதான் பேசும்.

தாண்டக்கூடாத கோடுகள்

"பணம் கொடுக்காமல் எங்கே சார் வேலை நடக்கிறது?" என்று சிலர் சிரிக்கலாம். அவர்கள் கவனத்துக்கு: 2018 ஜூலை முதல் ஊழல் தடுப்புச் சட்டம் மாறியிருக்கிறது. லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் தப்பலாம். அரசு ஊழியரை முறைகேடாகச் செயல்படவைக்கிறேன், எனக்குச் செல்வாக்கு இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கும் தரகருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆக, 'ஆபீஸ் செலவு' என்று கடைக்கு ஐநூறு, ஆயிரம் வசூலிக்கும் சங்கச் செயலாளர் தன் தலையை மட்டுமல்ல, கொடுத்தவர் தலையையும் சேர்த்தே அடகு வைக்கிறார்.

இன்னொரு கோடும் உண்டு. சங்கத்தில் கூடி, "இனி எல்லோரும் இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும், இன்னாருக்குச் சரக்கு போடக் கூடாது" என்று தீர்மானம் போடுவது போட்டிச் சட்டத்தில் மாட்டிவிடும். மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றுக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளுக்காகப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. சில வழக்குகளில் நிர்வாகிகளும் தனித்தனியே அபராதம் கட்ட நேர்ந்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்தோம் என்று சொன்னால் போதாது.

என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நமக்கு நாமே ஒரு நடத்தை விதி எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்குழுவில் வைத்து நிறைவேற்றத் தக்கவை என்று இவற்றைச் சொல்வேன்:

1. சங்கத்தின் சார்பில் அரசிடம் பேசுபவர் யார், எந்த விஷயத்துக்கு என்று செயற்குழுத் தீர்மானம் இருக்க வேண்டும். 'நானும் கூடப் போனேன்' என்பது கூடாது.

2. வாய்ப்பேச்சு எதுவானாலும் எழுத்தில் ஒரு மனு உண்டு. நகலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் சங்கக் கோப்பில் இருக்க வேண்டும். சந்திப்பில் பேசியது என்ன என்று அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும்.

3. மனுவில் வரும் எண் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஒரு பொய்க் கணக்கு பிடிபட்டால் அடுத்த பத்து மனுவுக்கும் மதிப்புப் போய்விடும்.

4. இதற்காக வசூலிக்கும் பணத்துக்கு ரசீது, செலவுக்கு வவுச்சர், ஆண்டு முடிவில் தணிக்கை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது வணிகனுக்குச் சொல்லித்தர வேண்டிய பழமொழியா?

5. பரிசு, விருந்து, 'கவனிப்பு' எதுவும் கிடையாது. கேட்பவர் பெயர் சங்கத்துக்குத் தெரிய வேண்டும்.

6. சங்க விஷயமாகப் போனவர் தம் சொந்த லைசென்ஸையோ, மைத்துனர் கடை வழக்கையோ அதே மேஜையில் பேசக் கூடாது. சொந்த லாபம் கலந்த விஷயமானால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

7. ஆளும் கட்சிக்கு ஒரு மனு, எதிர்க்கட்சிக்கு ஒரு மனு என்று இரண்டு கணக்கு வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மனு, ஒரே எண்கள்.

இனி படிப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒவ்வொரு சங்கமும் இருவரை அனுப்பட்டும், ஒருவர் அனுபவஸ்தர், ஒருவர் இளைஞர். முதல் வாரம், சட்டம் எது, விதி எது, அரசாணை எது, யாருக்கு எதை மாற்ற அதிகாரம் உண்டு. இரண்டாம் வாரம், அரசிதழையும் வரைவு விதியையும் படிப்பது எப்படி. மூன்றாம் வாரம், ஜி.எஸ்.டி. மன்றமும் வணிக வரித்துறையும். நான்காம் வாரம், உணவுப் பாதுகாப்பும் எடையளவு விதிகளும். ஐந்தாம் வாரம், கடைவீதியில் கணக்கெடுத்து ஒரு பக்க மனு எழுதுவது. ஆறாம் வாரம், ஊழல் தடுப்புச் சட்டமும் போட்டிச் சட்டமும். ஓய்வுபெற்ற வரி அதிகாரியும் ஊர் ஆடிட்டரும் கல்லூரி வணிகவியல் ஆசிரியரும் ஒரு வழக்கறிஞரும் எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடைப்பார்கள். ஒரு மாநாட்டுப் பந்தல் செலவில் பத்து மாவட்டத்தில் வகுப்பு நடத்தலாம்.

ஒரு பக்க மனு என்று சொன்னேன். அதில் நான்கு விஷயம் இருந்தால் போதும். எந்த விதியின் எந்த உட்பிரிவு. அதனால் எத்தனை கடைக்கு என்ன பாதிப்பு. அதற்குப் பதிலாக எழுத வேண்டிய வாசகம். அப்படி மாற்றினால் அரசுக்கும் வாங்குபவருக்கும் என்ன நன்மை, என்ன இழப்பு. இழப்பை மறைக்காதீர்கள். அதிகாரி அதை எப்படியும் கண்டுபிடிப்பார். நாமே சொன்னால் நம்பிக்கை பிறக்கும். நல்ல சரக்கில் இருக்கும் ஒரு குறையைச் சொல்லி விற்கும் கடைக்காரரிடம்தான் வாடிக்கையாளர் மறுபடி வருகிறார் என்பது நமக்குத் தெரியாதா?

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பி.காம்., பி.எல். என்று படிக்கிறார்கள். கல்லாவில் உட்கார மாட்டேன் என்பவரும் உண்டு. அவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. டில்லியில் பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 2010 முதல் இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் உதவியாளர்களாக அமர்த்திப் பயிற்சி தந்துவருகிறது. கேள்வி தயாரிப்பதும், மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவதும் அவர்கள் வேலை. பருப்பு மூட்டைக்கும் பில் புத்தகத்துக்கும் நடுவில் வளர்ந்த ஒரு பிள்ளை அந்த வேலையைக் கற்றுத் திரும்பினால், அவரைவிடச் சிறந்த தூதர் நமக்குக் கிடைப்பாரா?

"கடையைப் பூட்டிவிட்டு யார் வகுப்புக்குப் போவது?" என்று கேட்கலாம். கடையடைப்பு என்றால் ஒரு நாள் முழுக்கப் பூட்டுகிறோம். ஊரெல்லாம் பூட்டினால் ஒரு நாள் வியாபாரம் எவ்வளவு போகும்? அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும் இந்தப் படிப்புக்கு. கடையடைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வணிகர் ஒற்றுமையைக் காட்ட அது வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் கதவைத் தட்டுவதற்குத்தான் போராட்டம். கதவு திறந்த பிறகு உள்ளே போய் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அவர் கையில் காகிதம் வேண்டும், காகிதத்தில் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கில் நேர்மை வேண்டும்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதற்கு அழுகிறோம் என்று சொல்லத் தெரியாத வயதுக்குத்தான் அந்தப் பழமொழி. நம் சங்கங்கள் அந்த வயதைக் கடந்து வெகு காலமாயிற்று. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில், வரவு செலவு வாசித்து முடித்ததும், "நம் சார்பில் பேசப் போகிறவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார், பதிவேடு எங்கே?" என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். அந்தக் கேள்வியிலிருந்து வேலை தொடங்கட்டும்.